மாப்பிள்ளைத் துண்டு

கீழக்கரையில் வீடு என்பது பெண்பிள்ளைக்கு. பையனுக்கு என்ன என்று யாராவது வெளியூர்க்காரர் கேட்டால், அவனுக்குத்தான் மாமியார் வீடு இருக்கிறதே என்று சிரிப்பார்கள். நிக்காஹ் முடிந்த கையோடு மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்துவிட வேண்டியது. வந்த பிறகு அவருக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார்கள். ஒரு வேலையும் வைக்க மாட்டார்கள்.

அப்துல் அஜீஸ் அப்படி நஸீராவின் வீட்டுக்கு வந்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. அவர் பிறந்த வீடு இரண்டு தெரு தள்ளித்தான். இரண்டு வீட்டிலும் கேட்பது ஒரே பள்ளிவாசல் பாங்குதான். ஆனாலும் இங்கே அவர் மாப்பிள்ளை. வந்த நாற்பதாம் நாள் ஷார்ஜாவுக்கு ஏறிப் போனவர், அங்கே ஒரு கார்கோ கடையில் உட்கார்ந்து மற்றவர்கள் ஊருக்கு அனுப்பும் பெட்டிகளைக் கட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாச லீவு. அப்படிப் பதினைந்து லீவு. ஆக, கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம், குடும்பம் நடத்தினது இரண்டரை வருஷம். மனுஷன் தாடி நரைத்து, ஐம்பத்தொன்பது வயசில், ஆறு மாசத்துக்கு முன்னால் ஒரேயடியாக வந்து இறங்கினார். வீட்டில் என்னடாவென்றால் பதினாறாவது லீவுக்கு வந்தவரைப் போலவே கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

கவனிப்பு என்றால் லேசுப்பட்ட கவனிப்பு இல்லை. அவருக்கென்று ஓரத்தில் பூப்போட்ட தட்டு. அவருக்கென்று ஒரு கண்ணாடித் தம்ளர். ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே ஒரு நாற்காலி. அதில் பூனை உட்கார்ந்தால்கூட அடி விழும். எல்லாவற்றுக்கும் மேலே மாப்பிள்ளைத் துண்டு. மயில் கழுத்து நிறத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு டர்க்கித் துண்டு. மூன்றாவது லீவில் அவரே ஷார்ஜாவிலிருந்து வாங்கி வந்தது. அவர் ஊருக்கு வந்தால் அது பீரோவிலிருந்து வெளியே வரும். அவர் விமானம் ஏறினால் துவைத்துக் காய்ந்து, நாப்தலின் உருண்டையோடு பீரோவுக்குள் போய்விடும். வேறு யாரும் அதில் கை துடைக்கக் கூடாது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தத் துண்டில் ஒரு நூல் பிரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சட்டதிட்டமெல்லாம் நஸீராவின் உம்மா போட்டது. அந்த அம்மா மௌத்தாகிப் பத்து வருஷம் ஆகிறது. சட்டம் மட்டும் கல்லு மாதிரி நிற்கிறது.

அஜீஸும் சும்மா இருக்கவில்லை. வந்த இரண்டாம் மாசமே வேலை தேட ஆரம்பித்துவிட்டார். ஒருநாள் அடுக்களையில் போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார். நஸீரா பதறி ஓடிவந்து, "ஐயோ மச்சான், கண்ணு எரியும், நீங்க போய் ஃபேனுக்கடியில உக்காருங்க," என்று கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள். இன்னொரு நாள் படிக்கட்டு பல்ப் மாற்றலாம் என்று ஸ்டூலில் ஏறினார். மகள் மாஷிதா வந்து ஸ்டூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "வாப்பா, இறங்குங்க, யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாக?" என்றாள். பல்பு மாற்ற எலக்ட்ரீசியன் வந்தார். தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனால் வேலைக்காரப் பெண் குடத்தை விடமாட்டேன் என்கிறாள். மீன் வாங்கவாவது போகலாம் என்றால், மீன்காரர் முனியசாமி மொபெட்டில் பாம் பாமென்று ஹாரன் அடித்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிடுகிறார். நஸீராதான் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குவாள். இவர் வாசல் பக்கம் தலையை நீட்டினால், "வெயில்ல நிக்காதீங்க மச்சான்."

கார்கோ கடையில் ஒரு நாளைக்கு நாற்பது பெட்டி கட்டின கை. அதை மடியில் வைத்துக்கொண்டு ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருப்பது எத்தனை கஷ்டம் என்று அனுபவித்தவருக்குத்தான் தெரியும். ஒருநாள் யாருமில்லாதபோது வீட்டிலிருந்த தலையணைகளை எல்லாம் அடுக்கி, குறுக்கும் நெடுக்கும் கயிறு போட்டுக் கட்டி வைத்துவிட்டார். ராத்திரி படுக்கப் போனவர்கள் அதை அவிழ்க்க முடியாமல் கத்தரிக்கோல் தேடினார்கள். அப்போதும் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மாப்பிள்ளைக்குப் பொழுது போகல பாவம்," என்பதோடு சரி.

அதற்கு மறுநாள்தான் மாஷிதா அவருடைய போனில் அந்த வீடியோக்களை எடுத்துக் கொடுத்தாள். பெரியவர்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய கைவேலைகள். ஒரு பெண், முகம் தெரியாது, கை மட்டும் தெரியும். ஐந்தே நிமிஷத்தில் பழைய பேப்பரைக் கூடையாக்குவாள், காப்பித்தூளில் படம் வரைவாள், உடைந்த வளையலில் விளக்கு செய்வாள். அஜீஸ் ஒரு ராத்திரி பூராவும் பார்த்தார். காலையில் சுபுஹு தொழுகை முடித்து வந்தவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

முதலில் செய்தது ஆணியும் நூலும் வைத்து ஒரு படம். பலகையில் சங்கு வடிவத்துக்கு வரிசையாக அறுபத்துநாலு ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி நூல் இழுக்க வேண்டும். அஜீஸ் பலகை வாங்கி, ஆணி வாங்கி, சுத்தியலைக் கையில் எடுத்ததுதான் தாமதம், நஸீரா போன் போட்டு ஆசாரி ராக்கப்பனை வரவழைத்துவிட்டாள்.

"நீங்க எதுக்கு மச்சான் ஆணி அடிக்கிறீங்க? கையில பட்டுச்சுன்னா?"

ராக்கப்பன் சம்மணம் போட்டு உட்கார்ந்து அறுபத்துநாலு ஆணியையும் அடித்தார். அடித்த சூட்டிலேயே நூலையும் இழுத்துக் கட்டிவிட்டு, "பாய், சங்கு ஜோரா வந்துருச்சு. வேற எதுவும் அடிக்கணுமா?" என்று கேட்டார். அஜீஸ் பக்கத்தில் டீத் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். அவர் செய்த கைவேலை அந்த டீயைக் குடித்தது ஒன்றுதான்.

அடுத்தது பேப்பர் கூடை. பழைய பேப்பரைக் குச்சி குச்சியாகச் சுருட்டிப் பின்னுவது. இதற்கு ஆசாரி தேவையில்லை என்பதால் அவரே செய்தார். ஆனால் கை பழைய கை இல்லையா? மூடியைப் போட்டு, நாலு பக்கமும் பிளாஸ்டிக் நாடா கொடுத்து இழுத்து, கார்கோ முடிச்சுப் போட்டு, மேலே 'கவனமாகக் கையாளவும்' என்று மார்க்கரில் எழுதியும் விட்டார். அந்தக் கூடையைத் திறக்க இன்று வரைக்கும் ஒருவராலும் முடியவில்லை. உள்ளே அவருடைய மூக்குக் கண்ணாடி இருக்கிறது.

மூன்றாவது காப்பித்தூள் ஓவியம். ஒரு டப்பா காப்பித்தூளைக் கரைத்துப் பாம்பன் பாலத்தை வரைந்தார், மேலே ரயிலோடு. மாஷிதா வந்து வெகுநேரம் பார்த்தாள். "சீப்பு ரொம்ப அழகா இருக்கு வாப்பா," என்றாள்.

சரி, இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அஜீஸை அரித்தது வேறு. எதைச் செய்தாலும் நஸீரா, "மாஷா அல்லாஹ், நல்லா இருக்கு மச்சான்," என்பாள். சொல்லிவிட்டு, தூசி பட்டுவிடும் என்று ஒரு பழைய துப்பட்டியில் சுற்றிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுவாள். சங்கும் உள்ளே, கூடையும் உள்ளே, பாலமும் உள்ளே. ஒன்றாவது சுவரில் தொங்கியதா? ஒன்றில் யாராவது எதையாவது போட்டு வைத்தார்களா? நல்லா இல்லை என்றாவது ஒரு ஆள் சொன்னதா? அவளுடைய தம்பி வந்து சோபாவில் காலை நீட்டினால், "ஏலே, காலை எடு, சோபா உங்க வாப்பாவா வாங்கிப் போட்டது?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி ஏசுவாள். இத்தனைக்கும் அவனுக்கும் அவளுக்கும் ஒரே வாப்பாதான். வேலைக்காரப் பெண்ணை ஏசுவாள், மகளை ஏசுவாள், காக்காயைக்கூட விடமாட்டாள். அஜீஸிடம் வந்தால் மட்டும் குரல் பூப்போட்ட தட்டாகிவிடும். முப்பத்திரண்டு வருஷத்தில் அவரை அவள் ஒரு சொல் ஏசினதில்லை.

வெளியில் சொன்னால் ஊரே பொறாமைப்படும். 'கொடுத்து வச்ச மனுஷன்' என்பார்கள். அஜீஸோ, இந்த வீட்டில் நான் விருந்தாளியாகவே மௌத்தாகிவிடுவேன் போல இருக்கே என்று தனக்குள்ளே சொல்லிக்கொள்வார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நவ்ஷாத் போன் பண்ணினான். நவ்ஷாத் மாஷிதாவின் புருஷன். அதே ஷார்ஜா, அதே கார்கோ கடை. மாமனார் போட்ட பாதையில் போய்க்கொண்டிருக்கிறவன்.

"மாமா, இங்கன சூப்பர்வைசர் வேலை ஒண்ணு காலியா இருக்கு. ரெண்டு வருஷம். உங்களைத்தான் கேக்குறாக. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குள்ள சொல்லணும்."

அஜீஸ் யோசிக்கிறேன் என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? அங்கே போனால் நாலு பேர் 'அஜீஸ் பாய், இதைக் கட்டு, அதைப் பிரி' என்பார்கள். தப்பாகக் கட்டினால் முதலாளி அரபியில் ஏசுவான். இங்கே ஃபேன் மட்டும்தான் சுற்றுகிறது. கடைத்தெருவில் ஒரு காலி அட்டைப்பெட்டி வாங்கி வந்தார். வழக்கப்படி நாலு பக்கமும் பெரிய எழுத்தில் தன் பெயரையும் ஷார்ஜா விலாசத்தையும் எழுதிக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. ஒளித்து வைக்கிறவன் நாலு பக்கமும் பெயர் எழுதுவானா என்று கேட்காதீர்கள். அது அவர் தொழில் புத்தி.

ஆனால் போகிறதுக்கு முன்னால் ஒரு ஆசை. இந்த வீட்டில் தன் கையால் செய்த ஒரே ஒரு பொருள், பீரோவில் வைத்துப் பூட்ட முடியாத பொருள், வெளியில் நிற்க வேண்டும். வீடியோவில் வரும் அந்தப் பெண்ணின் கை அதற்கும் ஒரு வழி சொன்னது. சிமெண்டைத் தோசை மாவு பதத்தில் கரைத்து, அதில் பழைய துண்டை முக்கி எடுத்து, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் விரித்துவிட வேண்டியது. காய்ந்தால் மடிப்பு மடிப்பாகத் தொங்குகிற பாவனையில் பூந்தொட்டி. கல்லு மாதிரி இருக்கும். தூக்கவே ஒரு ஆள் வேண்டும், பீரோவாவது ஒன்றாவது.

வியாழக்கிழமை நஸீராவும் மாஷிதாவும் பெரியபட்டினத்தில் ஒரு கல்யாண விருந்துக்குக் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். வேலைக்காரப் பெண்ணும் வரவில்லை. அஜீஸ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு வாளி கொண்டு போனார், சிமெண்ட் கொண்டு போனார், தண்ணீர் கொண்டு போனார். குடத்தைப் பிடுங்க ஆள் இல்லாததால் தண்ணீர் சுமந்ததே ஒரு சந்தோஷம். கலக்கிவிட்டு நிமிர்ந்தபோதுதான் நினைவு வந்தது. பழைய துண்டு?

வீடு பூராவும் தேடினார். பழந்துணி மூட்டை எங்கே இருக்கிறது? தெரியாது. பரண் சாவி? தெரியாது. எந்தத் துணி பழசு, எது தொழுகைக்கு, எது விருந்தாளிக்கு, எதுவும் தெரியாது. எதையாவது எடுத்து, அது அவளுக்கு வேண்டியதாக இருந்துவிட்டால்? அடுத்தவர் பொருளைத் தொடக் கூடாது என்பது கார்கோக்காரனின் முதல் பாடம். முப்பத்திரண்டு வருஷம் சொந்தம் என்று சொல்லிக்கொண்ட அந்த வீட்டில், இருக்கிற இடம் தெரிந்த துணி அவருக்கு ஒன்றே ஒன்றுதான். குளியலறைக்கு வெளியே, தனி ஸ்டாண்டில், மயில் கழுத்து நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இது நம்முடையதுதானே, யாரைக் கேட்க வேண்டும் என்று எடுத்தார். கைகூடத் தயங்கவில்லை. போகிற ஆளுக்குத் துண்டு எதற்கு?

துண்டு அருமையாகச் சிமெண்டைக் குடித்தது. வாளி மேல் விரித்து, மடிப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டார். முப்பது வருஷம் பெட்டி கட்டின கைக்கு மடிப்பு சொல்லியா கொடுக்க வேண்டும்? சாயங்காலம் வெயில் இறங்கும்போது தொட்டுப் பார்த்தார். விறைத்து நின்றது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், இத்தனை நாள் செய்ததிலேயே அது ஒன்றுதான் உள்ளபடியே அழகாக இருந்தது.

ஆறு மணிக்கு விருந்து முடிந்து வந்தவர்கள், கொடியில் கிடந்த துணியை எடுக்க மாடிக்கு வந்தார்கள். நஸீரா முன்னால், மாஷிதா பின்னால். அஜீஸ் தொட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். 'மாஷா அல்லாஹ்'வை எதிர்பார்த்துத்தான் நின்றார்.

நஸீரா கிட்டே வந்தாள். குனிந்து பார்த்தாள். சிமெண்ட் படாத ஒரு ஓரத்தில் விரலளவுக்கு மயில் கழுத்து நிறம் தெரிந்தது. அதைத் தொட்டாள்.

"இது என்னது?"

"பூந்தொட்டி. துண்டுல செஞ்சது."

"எந்தத் துண்டு?"

"நம்ம துண்டுதான்..."

"யா அல்லாஹ்!" என்று ஒரு சத்தம். பக்கத்து மாடிப் புறாவெல்லாம் பறந்துவிட்டன. "என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கீங்க? புத்தி கித்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு? கொரங்கு கையில பூமாலை கெடச்ச மாதிரி! இந்த வீட்டுல கிழிஞ்ச துண்டுக்கா பஞ்சம்? பரண்ல ஒரு மூட்டை கெடக்கே, கேக்க வாய் இல்லையா?"

"நீங்க ஊருல இல்ல..."

"போன் எதுக்கு இருக்கு? அந்தப் பொம்பள கையைப் பாக்குறதுக்கு மட்டுமா? ஆறு மாசமா நானும் பொறுத்துப் பொறுத்துப் பாக்குறேன். ஒரு டப்பா காப்பித்தூளைக் கரைச்சு ஒரு சீப்பை வரைஞ்சு வச்சீங்க, பீரோ பூராவும் காப்பி வாடை! அந்தக் கூடை, அதைத் திறக்கணும்னா வெல்டிங்காரனைத்தான் கூப்பிடணும். ராக்கப்பன் அடிச்ச ஆணிக்கு நான் மாஷா அல்லாஹ் சொன்னேன், என்னைச் சொல்லணும்! என் பட்டுச்சேலை வைக்க எடமில்லாம உங்க கைவேலை பூராவும் என் பீரோவுக்குள்ள கெடக்கு!"

மாஷிதா படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள். உம்மா வாப்பாவை ஏசி அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

அஜீஸுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அந்த மனுஷனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. கோடையில் முதல் மழை விழும்போது நிற்பார்களே, அப்படி நின்றார். தம்பியை ஏசுகிற அதே குரல். காக்காயை விரட்டுகிற அதே குரல். வாய் தன்னால் விரிந்தது.

"என்ன இளிப்பு? நான் ஒருத்தி இங்கன கத்திக்கிட்டு இருக்கேன், இளிக்கிறீங்க?" என்றவள், சட்டென்று உடைந்துபோனாள். "அந்தத் துண்டை என்னன்னு நெனச்சீங்க? நீங்க போன பொறவு எத்தனை நாள் அதை எடுத்து வெயில்ல போட்டு, மடிச்சு, மறுபடியும் வச்சிருக்கேன் தெரியுமா? இந்த வீட்டுல உங்களதுன்னு எனக்கு இருந்தது அது ஒண்ணுதானே. மறுபடியும் போறீகளாம்ல? கட்டிலுக்கடியில பெட்டி இருக்கிறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? நான்தானே கூட்டுறேன்! போறதுன்னா போங்க. போற மாப்பிள்ளையைப் போகாதேன்னு சொல்ல நான் யாரு? எப்பவும் துண்டை வச்சுட்டுத்தானே போவீங்க. இந்தத் தடவை அதையும் கல்லாக்கிட்டா, நான் எதை மடிச்சு வச்சுக்கிட்டு இருக்கிறது?"

அவ்வளவுதான். கொடியில் கிடந்த துணியை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள். பாதித் துணி வழியெல்லாம் விழுந்தது. அஜீஸின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இவள் இருக்கச் சொல்லவில்லை என்றுதானே நான் கிளம்பினேன். இவள் என்னடாவென்றால், சொல்லத் தனக்கு உரிமையில்லை என்று முப்பத்திரண்டு வருஷம் துண்டை மடித்துக்கொண்டிருந்திருக்கிறாளே! அந்த வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. சிமெண்ட் கையால் கண்ணைத் துடைக்கப் போனார், மாஷிதா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

ராத்திரி இடியாப்பம். தட்டு அதே பூப்போட்ட தட்டு. நஸீராதான் பரிமாறினாள். மாப்பிள்ளையை ஏசிவிட்டோமே என்கிற வெட்கம் அவளுக்கு. ஏசினது இன்றோடு முடிந்துவிட்டதோ என்கிற பயம் அவருக்கு. "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தவா மச்சான்?" என்று பழைய குரலில் அவள் கேட்டபோது அஜீஸ் பாதி இடியாப்பத்தோடு கை கழுவ எழுந்துவிட்டார். விடிந்தால் வெள்ளிக்கிழமை. நவ்ஷாத் பதிலுக்குக் காத்திருப்பான்.

காலையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நஸீரா வந்து முன்னால் நின்றாள். கையில் வயர் கூடை. எதையோ மூன்று தடவை மென்று விழுங்கிவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"சும்மாத்தானே உக்காந்திருக்கீங்க. போய் மீன் வாங்கிட்டு வாங்க."

அஜீஸ் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "என்ன மீனு?"

"வெளமீன் கெடச்சா வெளமீன். இல்லாட்டி ஊளி. போங்க, பேசிக்கிட்டே நின்னா மீனு நீந்தியா வரும்?"

தெருவில் இறங்கி நாலு அடி வைத்திருப்பார், பின்னால் பாம் பாமென்று ஹாரன். முனியசாமி மொபெட்டை வழக்கமான வாசலில் நிறுத்திப் பெட்டியைத் திறந்தார். படகிலிருந்து இறங்கின சூடு ஆறாத வெளமீன், கண்ணு கண்ணாடி மாதிரி. அஜீஸ் நின்றார். சரிதான், திரும்பி வாங்க என்று கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தார்.

"இன்னைக்கு வேண்டாம் முனியசாமி," என்றாள் நஸீரா. "எங்க வீட்டு ஆளு வாங்கப் போறாக."

அஜீஸ் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தெருவிலேயே அழுதுவிடுவோம் என்று தெரியும். கூடையை ஆட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

மீன் கடையில் என்ன நடந்தது என்று விவரமாகச் சொன்னால் அவருக்கு மரியாதை இல்லை. முப்பத்திரண்டு வருஷமாக மீனைத் தட்டில் வைத்துத்தான் பார்த்த ஆள். செவுள் எங்கே இருக்கிறது என்றே தேடுகிறவரிடம் எந்த மீன்காரர்தான் புது மீனைக் கொடுப்பார்? ஒரு மணி நேரம் கழித்து, அரை உலகத்தை வாங்கி வந்தவரைப் போலக் கூடையை அடுக்களை மேடையில் வைத்தார்.

நஸீரா ஒரு மீனை எடுத்தாள். வயிற்றை அமுக்கினாள். விரல் அமுங்கிய இடம் அமுங்கியபடியே கிடந்தது. செவுளைத் தூக்கினாள். தவிட்டு நிறம்.

"இது எப்பப் புடிச்ச மீனு? இது மௌத்தாகி ஃபாத்திஹா ஓதியே நாலு நாளு ஆயிருக்கும் போல இருக்கே! கண்ணைப் பாருங்க, குழிக்குள்ள கெடக்கு. எந்தப் படுபாவி இதை உங்க தலையில கட்டினான்? கொடுத்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டு வந்துர்றதா?"

அஜீஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மாஷிதா வாசற்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நஸீரா முணுமுணுத்துக்கொண்டே மீனை ஆய உட்கார்ந்தாள். மஞ்சளும் புளியும் தூக்கலாகப் போட்டு எப்படியாவது கரையேற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டவள், நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "நாளைக்குப் போறப்ப செவுளைத் தூக்கிப் பாத்து வாங்குங்க. ரத்தம் மாதிரி செவப்பா இருக்கணும். இல்லைன்னா வாங்கக் கூடாது. பொறவு அந்தத் தொட்டி. அதுல கருவேப்பில வைக்கணும். அடியில ஒரு ஓட்டை போடுங்க, தண்ணி வடியலன்னா அழுகிப் போகும். சுத்தியல் பரண்ல, பழந்துணி மூட்டைக்குப் பின்னால இருக்கு. பரண் சாவி பீரோ மேல கெடக்கு."

"ராக்கப்பனைக் கூப்பிடவா?" என்றார் அஜீஸ், ஒரு பயத்தில்.

"ஏன், உங்க கையில என்ன மருதாணியா வச்சிருக்கு?"

அவர் சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். தொட்டியைக் கவிழ்த்து, முதல் அடியைப் போடப் போகும்போது போன் அடித்தது.

"மாமா," என்றான் நவ்ஷாத், "ஜும்ஆ நேரம் ஆகுது. முதலாளி கேட்டுக்கிட்டே இருக்காரு. டிக்கெட் போடச் சொல்லட்டுமா?"

"வேணாம் மாப்புள," என்றார் அஜீஸ். "நாளைக்கு எனக்கு மீன் வாங்கப் போவணும்."